நிற்கிற விலை

கொள்ளிடக்கரையில் சவுக்குக்கு ஒரு விலை,
அதே சவுக்கு
தோப்புத்துறை மணலில் வேறு.
நடுவில் இரண்டு பாலம், மூன்று கைமாற்று,
லாரிச் சக்கரம் புதையாத ஒரு பாதை.
மரத்துக்கு விலை என்று எவன் சொன்னான்,
பாதைக்குத்தான் விலை.

தை மாதம் டன் ஐயாயிரத்து நானூறு,
பங்குனியில் நாலாயிரத்து எழுநூறு.
கட்டடக்காரர்கள் இரும்பு முட்டுக்கு மாறினார்கள்.
காகித ஆலைக்காரன் தைலமரம் போதும் என்றான்.
தேக்கு மட்டும் அசையவில்லை.

அதிலும் திருவையாற்றுப் பக்கத்து வாய்க்கால் தேக்கு
தண்ணீர் குடித்துக் குடித்துத் தொப்பை போட்டிருக்கும்.
சுற்றளவு பார்த்து மயங்குகிறவன் புது வியாபாரி.
அறுத்தால் வெள்ளை நாலு விரல்,
வைரம் ஒரு பிடி.
பட்டுக்கோட்டைச் செம்மண்ணில்
பட்டினி கிடந்த தேக்கு ஒல்லியாய் நிற்கும்,
கன அடிக்கு முந்நூறு கூட.
மனுஷரைச் சொல்லவில்லை.
மரத்தைத்தான் சொல்கிறேன்.

ஆயக்காரன்புலத்தில் சௌந்தரவல்லி கொல்லையில்
பதினோரு தேக்கு, ஒரு வாகை,
வேலியோரம் முந்நூறு சவுக்கு.
வைரக்கண்ணு நாடா பிடித்தான்.
நெஞ்சு உயரத்தில் சுற்றளவு,
பட்டைக்கு ஓர் அங்குலம் தள்ளி
மிச்சத்தில் கால்,
காலைக் காலால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி.
அந்தக் கணக்கை அவளும் போட்டுக்கொண்டிருந்தாள்,
கரண்ட் பில் அட்டையின் பின்பக்கத்தில்.
எனக்கும் அவளுக்கும் இருநூறு ரூபாய் வித்தியாசம்.
அவள் கணக்கு சரி.

இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் பேசி
இருபதாயிரம் அச்சாரம் கொடுத்தேன்.
அன்று வளர்பிறைச் சஷ்டி.
வளர்பிறையில் வெட்டிய மரம் உளுத்துப்போகும்,
மன்னார்குடி மில்லில் தஸ்தகீர் பாய் தொடவே மாட்டார்.
பௌர்ணமி கழியட்டும், பத்து நாள் நிற்கட்டும் என்றேன்.
"நிக்கிறதுக்கு வாடகை உண்டுங்களா?"
சிரித்துவிட்டு வண்டி ஏறினேன்.

ஏழாம் நாள் ராத்திரி காற்று.
முதலில் வடக்கிலிருந்து.
நடுவில் முக்கால் மணி நேரம் ஓய்ந்ததாம்,
ஆள் இறங்கி மரம் வெட்டலாம் போல
அவ்வளவு அமைதியாம்.
பிறகு தெற்கிலிருந்து.

மரத்தோடு சேர்ந்து விலையும் படுத்தது.
சவுக்கு டன் தொள்ளாயிரம், அதற்கும் ஏற்ற ஆளில்லை.
தேக்கு முறிந்த இடத்தில் நார்நாராய்க் கிழிந்து
சிவந்த வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.
சாலைக்குக் குறுக்கே கிடந்தவற்றை
ஊர் இலவசமாக அறுத்துத் தள்ளியது.

நான் போனபோது
விழுந்த வாகைமேல் ஈரப்பாயைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.
உட்காரச் சொல்லவில்லை.
"விழுந்தது யாரு மரம்?"
என் துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினாள்.
என் கையெழுத்து: நிற்கும் மரங்களுக்கு அச்சாரம்.
இப்போது நிற்கவில்லையே என்றேன்.
"அன்னைக்கு நின்னுச்சு.
நெலாவப் பாத்தது நீங்க."

இதற்குச் சட்டம் உண்டா என்று தெரியாது.
அச்சாரத்தைக் கேட்கவில்லை, பாக்கியைக் கொடுக்கவில்லை.
நியாயம் என்று நான் சொல்லிக்கொண்டேன்,
அவள் என்ன சொல்லிக்கொண்டாளோ.
திரும்பும் வழியில் வைரக்கண்ணு
வேதாரண்யம் ரோடு வரைக்கும் பேசவில்லை.

மூன்றாம் வருஷம்
கடலோரத்தில் நிற்கிற தேக்கே அரிதாகி
கன அடி இரட்டிப்பானது.
அவள் கொல்லையில் ஒன்று தப்பியிருந்தது,
மேற்கே சாய்ந்து, முட்டுக்கொடுத்து.
போனில் விலை கேட்டேன்.
பின்னால் மாவு மில் ஓடும் சத்தம்.
கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன்,
ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள்.

"இன்னைக்கே வெட்றவங்களுக்கு அறுபத்தஞ்சு.
பிறை பாக்குறவங்களுக்கு வேற வெல."